உது வேலையோ, விளையாட்டோ?

என்னுடைய லென்ஸ் விழுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மேளமும் நாதஸ்வரமும் உச்சத்தில் இருந்த நேரம் அது. ஸ்காபரோவில் ஒரு மண்டபம், தூரத்து உறவில் ஒரு தங்கச்சியின் சாமத்தியவீடு. பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் போனை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் ஓடினார்கள். நான் ஒரு கமராவைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து படம் எடுத்தேன். மற்றக் கமராவை, பெரிய 70-200 லென்ஸோடு, மேடைக்குப் பக்கத்தில் ட்ரைபொட்டில் நிறுத்தியிருந்தேன். நாலு வயதுப் பையன் ஒருவன் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பலூனைத் துரத்திக்கொண்டு வந்தான். ட்ரைபொட்டில் கால் தடுக்கிவிட்டது.

பையனுக்கு ஒரு கீறலும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுடைய அம்மா ஓடி வந்து, "சொறி பிள்ளை, கமராவுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டா. நானும் சிரித்துக்கொண்டு "இல்லை அன்ரி" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், லென்ஸைக் கமராவோடு பொருத்துகிற உலோக வளையம் வளைந்திருந்தது. அடுத்த கிழமை திருத்துமிடத்தில் சொன்ன கணக்கு: 1,400 டொலர். அந்தச் சாமத்தியவீட்டுக்கு நான் வாங்கிய கூலி 500 டொலர்.

பரவாயில்லை, வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவின் பெயரில் உள்ள பொலிஸி அது. அந்தக் கடிதங்களை எனக்குப் பத்து வயதிலிருந்து நான்தான் வாசித்துத் தமிழில் சொல்லிவருகிறேன். உங்களில் பலரும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். பாங்க் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், இன்சூரன்ஸ் கடிதம், எல்லாவற்றுக்கும் வீட்டு மொழிபெயர்ப்பாளர் நாங்கள்தான். எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்கு முன் கட்ட வேண்டும் என்று இரண்டு வரி சொல்லுவோம். மிச்சப் பக்கங்கள் அலுமாரிக்குள் போய்விடும். அந்த மிச்சப் பக்கங்களில் என்ன இருந்தது என்று எனக்கு 22 வயதில்தான் தெரிந்தது.

தொலைபேசியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் கேட்டார்: "அந்த நேரத்தில் நீங்கள் பணத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தீர்களா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் மாமா ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உதுக்கேன் யோசிக்கிறாய்? வீட்டில மேசையால விழுந்தது எண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப்போகுது?" அப்பா ஒன்றும் பேசவில்லை. மாமா போன பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, உது உன்ர வேலையோ, விளையாட்டோ?"

அப்பா கேட்டதும் அந்தப் பெண் கேட்டதும் ஒரே கேள்விதான். எங்களில் நிறையப் பேர் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: படம் எடுத்துக் காசு வாங்கினால் அது வேலை. அதை வேலை என்று முதலில் நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு இன்சூரன்ஸ்காரரிடமும், வீட்டிலும், உங்களைக் கூப்பிடுகிறவர்களிடமும் அப்படியே சொல்லுங்கள். கமராவைக் காப்பாற்றுவது அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுப் பொலிஸி ஏன் கை கொடுக்காது

வீட்டுக் காப்புறுதியும், வாடகைக்கு இருப்பவர்கள் எடுக்கும் காப்புறுதியும் வீட்டுப் பொருட்களுக்கானவை. சோபா, உடுப்பு, ரீவி, பொழுதுபோக்குக்கு வைத்திருக்கும் கமரா எல்லாம் அதற்குள் வரும். வீட்டுக்கு வெளியே சில நாள் கொண்டுபோனாலும் பெரும்பாலும் பாதுகாப்பு தொடரும். ஆனால் தொழிலுக்குப் பயன்படும் பொருள் என்று வந்தவுடன் கதை மாறிவிடும். பல பொலிஸிகள் அதை முழுதாக விலக்கிவிடும், அல்லது ஒரு சிறு தொகையோடு நிறுத்திவிடும்.

பொழுதுபோக்காகவே படம் எடுக்கிறீர்கள் என்றாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சில பொலிஸிகள் எந்தெந்த ஆபத்துக்குப் பணம் தருவோம் என்று பட்டியல் போட்டிருக்கும்: தீ, களவு, குழாய் உடைந்து தண்ணீர் என்று போகும். "கை தவறி விழுந்தது" அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பணம் இல்லை. வேறு பொலிஸிகள், விலக்கிச் சொன்னவை தவிர மற்ற எல்லா ஆபத்துக்கும் தருவோம் என்று இருக்கும். வீட்டில் இருப்பது எந்த வகை என்று இன்றைக்கே பாருங்கள்.

டிடக்டிபிள் இன்னொன்று. நட்டத்தில் முதல் பங்கை நீங்களே கட்ட வேண்டும். அது 1,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய 1,400 டொலர் திருத்தத்துக்கு அவர்கள் தரக்கூடியது 400தான். அந்த 400க்காக அப்பாவின் பொலிஸியில் ஒரு கோரிக்கை பதிவாகும். இத்தனை வருடம் கோரிக்கை இல்லாமல் இருந்ததற்குக் கிடைத்த கழிவும் போகலாம்.

காருக்குள் வைத்திருந்த கமரா களவு போனால் கார் இன்சூரன்ஸ் தரும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் கார் பொலிஸி காருக்கும் காரோடு பொருத்தியிருக்கும் பொருளுக்கும்தான். பின்சீட்டில் கிடந்த பையைப் பற்றி வீட்டுப் பொலிஸியிடம்தான் கேட்க வேண்டும். அங்கே போனால் மறுபடியும் அதே கேள்வி வரும்: வேலையா, விளையாட்டா?

மாமா சொன்ன பொய்யின் விலை

மாமா கெட்டவர் இல்லை. கனடாவுக்கு வந்த காலத்தில் கைக்காசுக்கு வேலை செய்து, ஒவ்வொரு டொலராகச் சேர்த்துக் குடும்பத்தைக் கூப்பிட்டவர். பெரிய கம்பெனிக்கு 400 டொலர் ஒரு காசா என்பது அவருடைய நியாயம். ஆனால் அவர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அந்தப் பொலிஸி என்னுடையது இல்லை, அப்பாவுடையது. அது கமராவுக்கான பொலிஸியும் இல்லை, எங்கள் வீட்டுக்கானது. கோரிக்கையில் தெரிந்துகொண்டே பொய் சொன்னால் அந்தக் கோரிக்கை தள்ளுபடியாகும். பொலிஸியே ரத்தாகவும் வழி இருக்கிறது. ரத்தான பிறகு வேறு இடத்தில் எடுப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கூட. வீட்டுக் கடன் தந்த பாங்க், வீட்டுக்குக் காப்புறுதி இல்லாமல் இருக்க விடாது.

"ஆருக்குத் தெரியப்போகுது" என்பதற்கும் பதில் இருக்கிறது. அன்றைக்கு எடுத்த படங்கள் அன்றிரவே இன்ஸ்டகிராமில் என் பெயரோடு போய்விட்டன. ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். பல கமராக்கள் தங்களுடைய தொடர் இலக்கத்தையும் அதிலேயே எழுதிவைக்கும். நான் வேலை செய்தேன் என்பதற்கு நானே சாட்சி வைத்திருந்தேன்.

அடுத்த நாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். பணம் கிடைக்கவில்லை. 1,400 டொலரையும் நானே கட்டினேன். அந்தக் கோடை முழுவதும் வேறு ஒருவருக்கு உதவியாளாகப் போனேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. அப்பாவின் வீட்டை வைத்து விளையாட எனக்குத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் எதை எடுப்பது?

தொழில் உபகரணங்களுக்கென்று தனியான காப்புறுதி இருக்கிறது. ஃப்ளோட்டர் என்று சொல்வார்கள். பொருள் எங்கே போகிறதோ அங்கே காப்புறுதியும் கூடப் போகும் என்று அர்த்தம். மண்டபத்தில் விழுந்தாலும், ஹோட்டலில் களவு போனாலும், பொதுவாக அது பொருந்தும். புரோக்கரிடம் போகும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்று: கை தவறி விழுந்தாலும், தண்ணீர் ஊற்றுப்பட்டாலும் பணம் வருமா? எங்கள் விசேஷங்களில் பன்னீர், ஆரத்தித் தண்ணீர், தேங்காய்த் தண்ணீர் எல்லாம் பறக்கும். இது சின்னக் கேள்வி இல்லை.

இரண்டு: புதிதாக அதே பொருளை வாங்க ஆகும் விலையைத் தருவார்களா, அல்லது பழசானதற்குக் கழித்துவிட்டுத் தருவார்களா? ஐந்து வருடக் கமராவுக்கு இந்த இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

மூன்று: காரில் விட்டுவிட்டுப் போனால் என்ன நிபந்தனை? கார் பூட்டியிருக்க வேண்டும், உடைத்துத் திறந்த அடையாளம் இருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். மண்டபத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் சாப்பாட்டுக் கடையில் நிற்பாட்டுகிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கிறது.

நான்கு: வாடகைக்கு எடுத்த லென்ஸும் இதற்குள் வருமா? குயீன் வீதி கிழக்கில் உள்ள விஸ்டெக் போன்ற இடங்களில் சனி, ஞாயிறுக்கு மட்டும் எடுத்து வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஐந்து: ட்ரோன்? அதை மற்றவற்றோடு சேர்த்து எண்ணாதீர்கள். பறக்கிற பொருளைப் பல பொலிஸிகள் விலக்கிவிடும். தனியாகக் கேளுங்கள்.

ஆறு: மற்றவர்களுக்கு வரும் காயத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா? அந்தப் பையன் தலையில் அடிபட்டு விழுந்திருந்தால் என் கதை 1,400 டொலரோடு முடிந்திருக்காது. பொறுப்புக் காப்புறுதி என்பது இதற்குத்தான். சில மண்டபங்கள் அதற்கான சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே விடாது.

ஒன்ராறியோவில் புரோக்கர்மார் ரிபோ என்ற அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழில் பேசுகிறவர் என்பதற்காக மட்டும் நம்பாதீர்கள், பதிவைப் பாருங்கள். கோரிக்கையை அநியாயமாக மறுத்தார்கள் என்று நினைத்தால் முதலில் கம்பெனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கேயும் முடியாவிட்டால் பொதுக் காப்புறுதிக் குறைகேள் சேவை இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

விழுந்துவிட்டால்

முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் இது இன்னும் முக்கியம். வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டுச் சுவிட்சைப் போடாதீர்கள், மின்சாரம் ஓடினால்தான் உள்ளே உள்ள பலகை எரியும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசிதான் உள்ளே போகும். ஃப்ளாஷை நீங்களே திறக்காதீர்கள். பற்றரியை எடுத்த பிறகும் அதன் உள்ளே ஆளைத் தூக்கிப் போடுகிற அளவு மின்சாரம் தங்கி நிற்கும்.

விழுந்த இடத்திலேயே படம் எடுங்கள். உடைந்த பொருள், அது நின்ற இடம், நேரம். அதே நாளில் அறிவியுங்கள். திருத்தக் கொடுக்கும் முன்னர் காப்புறுதிக்காரரிடம் கேளுங்கள். நீங்களாகத் திருத்திவிட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் நீட்டினால் அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

வெளியில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் லென்ஸைச் சோதியுங்கள். செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே ட்ரைபொட்டில் வைத்து, துவாரத்தை அகலத் திறந்து ஒரு படம் எடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். இது அடுத்த கலியாணத்தில் தெரியவருவதை விட இன்றைக்குத் தெரிவது நல்லது.

கம்பெனி தரும் உத்தரவாதம் தயாரிப்புப் பிழைக்குத்தான், விழுந்ததற்கு இல்லை. கடையில் மேலதிகமாக விற்கிற திட்டத்திலும் எல்லாம் ஒன்றில்லை. சில விழுந்ததையும் ஏற்கும், சில வெறும் உத்தரவாதத்தை நீட்டிக் கொடுக்கும். கொஞ்சம் மலிவு என்று உத்தியோகபூர்வ விநியோகத்துக்கு வெளியே வந்த கமராவை வாங்கினால், கனடாவில் உத்தரவாதம் இல்லாமல் போகலாம். திருத்தவே மறுக்கவும் கூடும். நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 2024 நவம்பரில் கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் மாற்றப்பட்டது. பொருளைத் திருத்துவதற்காக அதன் மென்பொருள் பூட்டைத் திறப்பது இப்போது சட்டமீறல் இல்லை. ஆனால் உதிரிப்பாகத்தைத் தந்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. பழைய கமராவுக்குப் பாகம் கிடைக்காவிட்டால் திருத்தகமும் கையை விரித்துவிடும்.

விமானத்தில் போகும்போது

யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ கலியாணம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு கனடியக் கதை. ஹலிஃபக்ஸைச் சேர்ந்த பாடகர் டேவ் கரோல் 2008இல் சிகாகோ வழியாக ஒமாஹாவுக்குப் பறந்தார். பயணப்பொதியில் போட்ட அவருடைய கிற்றார் உடைந்தது. திருத்தச் செலவு 1,200 டொலர். 24 மணித்தியாலத்துக்குள் கோரவில்லை என்று யுனைற்றட் விமான நிறுவனம் பணம் தர மறுத்தது. பல மாதம் அலைந்த பிறகு அவர் அதைப் பாட்டாக்கி 2009 ஜூலையில் யூரியூபில் போட்டார். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள்.

பாட்டு எழுதத் தெரியாத எங்களுக்கு அதிலிருந்து இரண்டு பாடம். கால எல்லையைத் தவறவிடக் கூடாது. சர்வதேசப் பயணத்தில் மொன்றியல் உடன்படிக்கைப்படி, பயணப்பொதி சேதமானால் அதைக் கையில் வாங்கிய 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். கிடைக்கக்கூடிய உச்சத் தொகையும் மட்டுப்பட்டது, ஒரு பயணிக்கு ஏறக்குறைய 3,000 கனடிய டொலர். ஒரு நல்ல கமராவும் லென்ஸும் அதைத் தாண்டிவிடும். ஆகவே கமரா கைப்பையில்தான் போக வேண்டும். தனியாகக் கொண்டுபோகும் லித்தியம் பற்றரிகளை எப்படியும் பயணப்பொதியில் போட அனுமதி இல்லை.

"குடும்பத்துக்குள்ளதானே"

நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. "அக்கா, நான் வருடத்துக்கு ஆறு விசேஷம்தான் எடுக்கிறன். இதுக்கெல்லாம் காப்புறுதி கட்டினால் மிச்சம் என்ன?" நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் கட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளையும் எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது நாளைக்கு இல்லாமல் போனால் அடுத்த வேலையைச் செய்ய முடியுமா? 150 டொலர் ஃப்ளாஷ் என்றால் முடியும். அதற்கு ஒவ்வொரு கூலியிலும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கமராவும் பெரிய லென்ஸும் என்றால் முடியாது. அவற்றுக்குக் கட்டுங்கள்.

கட்டுகிற காசு உங்கள் கூலிக்குள் வர வேண்டும். மண்டபத்துக்குக் காசு கொடுக்கிறார்கள், பல்லக்குக்குக் கொடுக்கிறார்கள், பலூனுக்கும் கொடுக்கிறார்கள். படம் எடுக்கிற பிள்ளையிடம் வரும்போதுதான் "குடும்பத்துக்குள்ளதானே" என்று வரும். அதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள் என்ன செலவில் வேலை செய்கிறோம் என்று தெரியாது. நாங்கள் சொன்னதும் இல்லை. கூலியைச் சொல்லும்போதே, விருந்தினரால் கமரா உடைந்தால் யார் பொறுப்பு என்று இரண்டு வரி வட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். அன்ரிமார் கோபிக்க மாட்டார்கள். மண்டபக்காரர் எழுதிக் கேட்டால் அவர்கள் கோபிப்பதில்லையே.

இது எங்கள் ஆட்களுக்குப் புதிதான யோசனையும் இல்லை. ஊரில் மரணாதார சங்கங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. மாதாமாதம் எல்லாரும் கொஞ்சம் கட்டுவார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்தப் பணம் அங்கே போகும். உறுப்பினராக இருப்பதில் ஒருவருக்கும் வெட்கம் இல்லை, சாவை வரவழைக்கிறோம் என்ற பயமும் இல்லை. காப்புறுதியும் அதே கணக்குத்தான். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எந்தப் பொலிஸியும் தராதது

ஒரு காரியத்தை மட்டும் எந்தக் கம்பெனியும் செய்யாது. உடைந்த கமராவுக்குக் காசு வரும், அதற்குள் இருந்த படங்கள் வராது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு வெளியேறிய சனத்தில் என் அம்மாவும் ஒருவர். கலியாண அல்பத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கிழமைக்குள் திரும்பி வருவோம் என்று நடந்தாவாம். அந்த அல்பம் பிறகு கிடைக்கவில்லை. அதனால்தான் நான் ஒரே நேரத்தில் இரண்டு காட்டில் பதியும் கமராவை மட்டும் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்தால் சாப்பிட முதல் ஒரு பிரதி எடுப்பேன். காப்புறுதிப் பத்திரத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது அது.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். பையைக் கட்டிலில் கொட்டுங்கள். ஒவ்வொரு பொருளின் பெயர், தொடர் இலக்கம், வாங்கிய நாள், விலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்புங்கள். கடைசியில் கூட்டிப் பாருங்கள். எனக்கு 9,000 டொலருக்கு மேல் வந்தது. அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உவ்வளவுக்கோ?" என்று கேட்டார். பிறகு தன்னுடைய கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து, புதுப் பொலிஸியின் முதல் பக்கத்தை என்னோடு இருந்து வாசிக்கத் தொடங்கினார். அதில் என் பெயருக்குக் கீழே, தொழில் என்ற இடத்தில், படப்பிடிப்பாளர் என்று இருந்தது.